வெள்ளம் வடிந்தது, பாவம் ஏன் வடியவில்லை? வேதபாடக் கேள்வி பதில்

உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய இந்த லெந்து காலத்தில் (தவக்காலத்தில்) மட்டக்களப்பில் எங்கள் வேதபாட வட்டம் எடுத்துக்கொண்ட விஷயம் இது: தேவன் இத்தனை முறை தண்டித்த பிறகும் பாவம் ஏன் ஒழியவில்லை? மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களில் இருந்தும் கேள்விகள் வந்தன. நான் போதகர் அல்ல, பல வருடங்களாக வேதபாடம் நடத்தி வருகிறவன். வேதத்தின் முதல் புத்தகத்தை நான் ஆதியாகமம் என்று எழுதும் இடங்களைக் கத்தோலிக்கச் சகோதரர்கள் தொடக்கநூல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் எட்டுப் பேரைத் தவிர எல்லோரும் அழிந்துபோனார்கள். கெட்டவர்கள் போய் ஒரு நல்ல மனிதரின் குடும்பம்தான் மிஞ்சியது. பிறகு பாவம் எங்கே இருந்து வந்தது? பிள்ளைகள் கேட்கிறார்கள். (ஞாயிறு பாடசாலை ஆசிரியை, கல்லடி)

அவர்கள் ஏறித் தப்பிய பேழைக்குள் இருந்தே வந்தது டீச்சர். ஆதியாகமம் 6:5, 8:21 இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள். முதலாவது வெள்ளத்துக்கு முன்னர். மனிதனுடைய இருதயத்து நினைவெல்லாம் எந்நேரமும் பொல்லாததாகவே இருப்பதைக் கர்த்தர் காண்கிறார், அதனால் அழிக்கத் தீர்மானிக்கிறார். இரண்டாவது வெள்ளம் வடிந்த பின்னர். நோவா பலிபீடம் கட்டித் தகனபலி செலுத்துகிறார், கர்த்தர் அதன் வாசனையை முகர்கிறார். இனி மனிதனை முன்னிட்டுப் பூமியைச் சபிப்பதில்லை என்று தமது உள்ளத்தில் சொல்கிறார். அதோடு சேர்த்துச் சொல்வது: "மனுஷனுடைய இருதயத்தின் நினைவுகள் அவன் சிறுவயதுதொடங்கிப் பொல்லாததாயிருக்கிறது".

முன்பு அழிப்பதற்குச் சொல்லப்பட்ட அதே காரணம், இப்போது அழிக்காமல் விடுவதற்கான வாக்குறுதியின் பக்கத்திலேயே நிற்கிறது. வெள்ளம் மனித இருதயத்தை மாற்றிவிட்டது என்று வேதம் எங்கேயும் சொல்லவில்லை. மாறவில்லை என்று வேதமே வெளிப்படையாக எழுதிவைத்திருக்கிறது.

அடுத்த அதிகாரத்தையும் தாண்டிப் போகாதீர்கள். நோவா திராட்சைத் தோட்டம் போடுகிறார், இரசம் குடிக்கிறார், வெறித்துக் கூடாரத்துக்குள் ஆடை விலகிக் கிடக்கிறார். மகன் காம் பார்த்துவிட்டு வெளியே வந்து அண்ணன் தம்பிக்குச் சொல்கிறான். சேமும் யாப்பேத்தும் ஒரு வஸ்திரத்தைத் தோள்மேல் போட்டுக்கொண்டு, முகத்தைத் திருப்பியபடி பின்னோக்கி நடந்து வந்து தகப்பனை மூடுகிறார்கள். நம் ஞாயிறு பாடசாலைப் படங்களில் பேழை வரும், மிருகங்கள் வரும், வானவில் வரும், இந்தக் கூடாரம் வராது. சிறு பிள்ளைகளுக்கு இதை விவரமாகச் சொல்லத் தேவையில்லைதான். ஆனால் பெரிய வகுப்புப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். தப்பிப் பிழைத்தவர்களும் அதே இருதயத்தோடுதான் தரை இறங்கினார்கள் என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும்.

அப்படி என்றால் தண்டனையால் என்ன பயன்? மாறமாட்டார்கள் என்று தெரிந்தே தேவன் ஏன் தண்டிக்க வேண்டும்? (வாழைச்சேனை, உயர்தர மாணவன்)

நல்ல கேள்வி தம்பி. தண்டனைக்கு வேதத்தில் வேறு வேலைகள் இருக்கின்றன. வெள்ளத்துக்கு முன்னர் பூமி கொடுமையினால் நிறைந்திருந்தது என்று 6:11 சொல்கிறது. கொடுமை என்றால் அடிக்கிறவன் ஒருவன், அடி வாங்குகிறவன் ஒருவன். அண்ணன் காயீன் கொன்ற ஆபேலின் இரத்தம் நிலத்தில் இருந்து கூப்பிட்டதைக் கேட்டவர், எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர் போட்ட கூக்குரலையும் கேட்டார். எகிப்தின் ராஜாவான பார்வோனைத் தண்டித்ததால் பார்வோன் திருந்தவில்லை. அடிமைகள் வெளியே வந்தார்கள். அநியாயத்துக்கு ஓர் எல்லை போடுவது, பாதிக்கப்பட்டவனுக்கு நியாயம் செய்வது, பார்த்துக்கொண்டிருப்பவர்களை எச்சரிப்பது, இதெல்லாம் தண்டனையின் வேலை. ஒருவனுடைய உள்விருப்பத்தை மாற்றுவது அதன் கையில் இல்லை.

தீர்க்கதரிசிகள் இதை வேதனையோடு சொல்கிறார்கள். ஆமோஸ் நாலாம் அதிகாரத்தில் பஞ்சம், மழையின்மை, பயிர்நோய், கொள்ளைநோய், அழிவு என்று கர்த்தர் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே வரி: ஆகிலும் நீங்கள் என்னிடத்தில் திரும்பவில்லை. ஐந்து தடவை வருகிறது. சத்தமாக வாசித்துப் பார், கோபத்தை விட ஏக்கம்தான் அதிகம் கேட்கும்.

கேள்விப்பட்டவர்கள் மறப்பார்கள், சரி. கண்ணால் கண்டவர்களும் ஏன் திருந்தவில்லை? (கல்முனை)

இதற்கு எண்ணாகமம் 16ஐ விட நல்ல இடம் கிடையாது. எகிப்தில் இருந்து ஜனங்களை நடத்தி வந்த மோசேக்கும் அவருடைய அண்ணன் ஆரோனுக்கும் எதிராகக் கோராகும் அவனோடு சேர்ந்தவர்களும் எழும்புகிறார்கள். நிலம் பிளந்து விழுங்குகிறது. தூபம் காட்ட வந்த 250 பேரை அக்கினி பட்சிக்கிறது. எரிந்த இடத்தில் இருந்து அவர்களுடைய தூபகலசங்களைப் பொறுக்கி, தட்டித் தகடாக்கி, பலிபீடத்தை மூடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் நினைவிருக்கட்டும் என்று.

எத்தனை நாள் நினைவிருந்தது? மறுநாளே முழுச் சபையும் மோசேயையும் ஆரோனையும் சூழ்ந்துகொண்டு முறுமுறுக்கிறது: கர்த்தருடைய ஜனங்களை நீங்கள்தான் கொன்றீர்கள் என்று. பயம் வந்தது உண்மை. நிலம் பிளந்தபோது தங்களையும் விழுங்கிவிடும் என்று கூக்குரலிட்டு ஓடினார்கள். ஆனால் பயந்த மனம் முதலில் தேடுவது தப்பிக்க வழியை, அது கிடைத்ததும் குற்றம் சொல்ல ஓர் ஆளை. தன் பிழையைப் பார்க்கிற நிலைக்குப் பயம் மட்டும் ஒருவனைக் கொண்டுபோகாது.

அதற்குப் பிறகு நடப்பதைக் கவனியுங்கள். வாதை, அதாவது கொள்ளைநோய், தொடங்குகிறது, ஆட்கள் விழுகிறார்கள். மோசே சொன்னதும் ஆரோன் பலிபீடத்து நெருப்பைத் தூபகலசத்தில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே ஓடுகிறார். வயது போன மனிதர், ஓடுகிறார்! யார் அவரைக் கொலைகாரர் என்று சொன்னார்களோ அவர்களுக்காகத்தான் அந்த ஓட்டம். செத்தவர்களுக்கும் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் நடுவே போய் நிற்கிறார், வாதை நிற்கிறது. 14,700 பேர் இறந்திருந்தார்கள். நடுவே ஒருவர் வந்து நின்றதால் மற்றவர்கள் பிழைத்தார்கள். எனக்கு இந்த இடத்தில் சிலுவை தெரிகிறது.

நான் சைவம். எங்கள் பக்கத்தில் வினைப்பயனை அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்போம். உங்கள் வேதத்தில் தண்டனை அனுபவித்தால் பாவம் தீராதா? (ஆரையம்பதி)

கேட்டதற்கு நன்றி அண்ணா. நான் படித்த அளவில், சைவ சித்தாந்தத்திலும் ஆணவம், கன்மம், மாயை என்று மூன்று மலம் சொல்வார்கள். கன்மத்தை அனுபவிக்கலாம், ஆனால் ஆணவம் நீங்க இறைவனின் அருள் வேண்டும். அந்த அளவில் நாம் இரண்டு பேரும் கிட்டத்தான் நிற்கிறோம்: பட்டுத் தீர்ப்பதால் மட்டும் உள்ளே இருப்பது போகாது.

வேறுபாடும் இருக்கிறது. கிறிஸ்தவ வேதத்தில் மறுபிறவிக் கணக்கு இல்லை. பாவம் என்பது முதலில் தேவனோடு உள்ள உறவு முறிவது. முறிந்த உறவைத் தண்டனை அனுபவித்து ஒட்டவைக்க முடியாது, மன்னிப்புத்தான் ஒட்டவைக்கும்.

2004இல் நாவலடியில் என் உறவுகளைக் கடல் கொண்டுபோனது. 2019இல் உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இரண்டையும் "பாவத்துக்குத் தண்டனை" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். அப்படித்தானா? (பெயர் வேண்டாம்)

இல்லை அக்கா. அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

லூக்கா 13ஐத் திறந்து வையுங்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயா நாட்டாரை ரோம ஆளுநன் பிலாத்து கொன்று, அவர்களுடைய இரத்தத்தைப் பலிகளோடு கலந்தான் என்று சிலர் வந்து இயேசுவிடம் சொல்கிறார்கள். ஆராதனை செய்யப் போன இடத்தில் கொல்லப்பட்டவர்கள். இதை வாசிக்கும்போது அந்த ஏப்ரல் 21 காலையை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை, இறந்தவர்களில் எத்தனை சிறு பிள்ளைகள். இயேசு கேட்கிறார்: இப்படிப் பாடுபட்டதால் அவர்கள் மற்றக் கலிலேயரை விடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா? அல்ல. பிறகு அவரே சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை எடுத்துச் சொல்கிறார். அவர்களும் எருசலேமில் இருந்த மற்றவர்களை விடக் குற்றவாளிகள் அல்ல. ஒன்று மனிதன் செய்த கொலை, மற்றது இடிந்து விழுந்த விபத்து. இரண்டுக்கும் ஒரே பதில்.

"நீங்கள் மனந்திரும்பாவிட்டால்" என்று அவர் தொடர்ந்து சொல்வது உண்மை. அதைச் சொன்னது உயிரோடு நின்று கதைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து. இறந்தவர்கள்மேல் ஒரு சொல்கூட அவர் போடவில்லை. குற்றமில்லாமல் துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும் உன் பாவத்தால்தான் உனக்கு இந்த நிலை என்று பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசியில் நீங்கள் என்னைக்குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தர் கோபித்தது அவர்கள்மேல்தான்.

வேதத்தில் வெள்ளமும் சோதோம் பட்டணத்தின் அழிவும் தண்டனை என்று எழுதப்பட்டிருக்கின்றன, ஏனென்றால் அங்கே தேவன் அப்படிச் சொல்கிறார். நம் கரையில் நடந்ததைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதும் பாவம்தான். உங்கள் உறவுகளை அந்தக் கணக்கில் சேர்க்க யாரையும் விடாதீர்கள்.

ஞானஸ்நானம் பெற்றேன், குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனமும் செய்கிறேன். வெளியே வந்து சில நாளில் அதே பாவம். எனக்குள் எதுவுமே நடக்கவில்லையா? (கத்தோலிக்கர், தாண்டவன்வெளி)

நடந்திருக்கிறது. உங்கள் திருச்சபையே இதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. ஞானஸ்நானம் ஆதாமில் இருந்து வந்த ஆதிப்பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவத்தின் பக்கம் இழுக்கும் நாட்டம் போராட்டத்துக்காக உள்ளே தங்கியிருக்கிறது என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் 1546இல் போதித்தது. அந்த நாட்டத்துக்கு இணங்காதவரை அது உங்கள் குற்றம் ஆகாது. புரட்டஸ்தாந்து சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் இதை வேறு விதமாகப் பார்த்தார்: விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும். 1814இல் மட்டக்களப்புக்கு மிஷனரியை அனுப்பிய மெதடிஸ்தர்களின் வழி அவர்கள் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழி. இந்த வாழ்விலேயே அன்பில் பூரணப்பட முடியும், அதைத் தேடு என்றார் அவர்.

மூவரும் ரோமர் ஏழாம் அதிகாரத்தோடு மல்லுக்கட்டியவர்கள். விரும்பும் நன்மையைச் செய்யாமல் விரும்பாத தீமையைச் செய்கிறேன் என்று அங்கே பவுல் புலம்புகிறார். நீங்கள் சலித்துப்போய் விட்டுவிடாமல் திரும்பவும் போகிறீர்களே, அந்தப் போராட்டமே உள்ளே ஏதோ நடந்திருப்பதற்கு அடையாளம்.

எல்லாம் சாத்தானின் வேலை என்று சொல்லலாமா? (திருக்கோவில்)

முழுப் பழியையும் அவன்மேல் போட முடியாது. வெளிப்படுத்தல் 20இல் சாத்தான் ஆயிரம் வருடம் கட்டிவைக்கப்படுகிறான். அவிழ்த்துவிட்டதும் கடற்கரை மணலத்தனை பேர் அவனோடு சேர்கிறார்கள். சேர ஆயத்தமாக இருந்தவர்கள்! அவனவன் தன் சொந்த இச்சையாலேயே இழுக்கப்படுகிறான் என்று யாக்கோபு எழுதியிருக்கிறார்.

யூதர் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட சிறையிருப்பு ஒரு பெரிய தண்டனை. அதற்குப் பிறகு யூதர் விக்கிரகங்களை விட்டுவிட்டார்கள்தானே? அப்போது தண்டனை வேலை செய்திருக்கிறது! (அக்கரைப்பற்று, வங்கி ஊழியர்)

பாதி சரி. எருசலேம் விழுந்தது கிறிஸ்துவுக்கு முன் 587 அளவில். திரும்பி வந்தவர்களிடையே பழைய விக்கிரக வணக்கம் பெரும்பாலும் இல்லை. ஆனால் நெகேமியா 5ஐப் பாருங்கள். பஞ்ச காலம். தானியம் வாங்க வயலையும் வீட்டையும் ஈடு வைக்கிறார்கள், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்குகிறார்கள், கடைசியில் பிள்ளைகளையே அடிமையாகக் கொடுக்கிறார்கள். வட்டி வாங்கியது யார்? கூடவே சிறையிருப்பில் இருந்து வந்த சொந்தச் சகோதரர்கள். விக்கிரகம் போய்விட்டது, பேராசை வேறு வேஷத்தில் வந்துவிட்டது. நுண்கடனில் மாட்டிய பெண்கள் தவணைநாளில் படும் பாட்டை நம் ஊர்களில் பார்த்தவர்களுக்கு இந்த அதிகாரத்துக்கு விளக்கம் தேவையில்லை.

தண்டனையால் பழக்கம் மாறலாம், இருதயம் மாறாது. அதனால்தான் சிறையிருப்பின் நாட்களிலேயே எசேக்கியேல் வேறொன்றைச் சொல்கிறார்: கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு நவமான இருதயத்தைக் கொடுப்பேன். எரேமியா 31இல் தேவனுடைய சட்டமான நியாயப்பிரமாணம் இருதயத்திலே எழுதப்படும் என்று வருகிறது. அடித்தும் ஆகாததைத் தாமே உள்ளே வந்து செய்வதாகத் தேவன் வாக்குக் கொடுக்கிறார்.

மகனை எவ்வளவு அடித்தும் பொய் சொல்வதை விடவில்லை. (தாய், செட்டிபாளையம்)

அடிப்பதை நிறுத்துங்கள் தங்கச்சி. அடிக்குப் பயந்துதான் அடுத்த பொய் வருகிறது. உண்மையைச் சொன்ன நாளில் அவனுக்கு என்ன நடக்கிறது என்று பாருங்கள். அன்றைக்கும் அடி என்றால் அவன் ஏன் சொல்வான்?

சிலுவைக்குப் பிறகு இரண்டாயிரம் வருடம். பாவம் இன்னும் குறையவில்லையே ஐயா. சிலுவையும் தோற்றுவிட்டதா? (விவசாயி, மத்திய முகாம்)

வயல் செய்கிற உங்களுக்கு இயேசு சொன்ன களைகளின் உவமை என்னை விட நன்றாகத் தெரியும். மத்தேயு 13. கோதுமைக்குள் களை முளைத்திருக்கிறது. பிடுங்கட்டுமா என்று வேலைக்காரர் கேட்கிறார்கள். வேண்டாம், களையைப் பிடுங்கும்போது பயிரும் வேரோடு வந்துவிடும், அறுவடை வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். நெல்லைப் போலவே நிற்கும் புல்லைக் கதிர் வரும்வரை பிரித்தறிய எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வெள்ளத்தைப் போல இன்னொரு முறை துடைத்து எடுத்தால் யார் மிஞ்சுவார்? நானும் மிஞ்சமாட்டேன். களை நிற்கிற காலம் பயிருக்குக் கொடுக்கப்பட்ட தவணை. ஒருவரும் கெட்டுப்போகாமல் எல்லோரும் மனந்திரும்ப வேண்டும் என்று கர்த்தர் பொறுமையாக இருக்கிறார் என்கிறது 2 பேதுரு 3:9. அறுவடை உண்டு என்பதையும் அதே உவமை சொல்கிறது. அதைச் செய்யப்போவது தேவதூதர்கள், நீங்களும் நானும் அல்ல.

அடுத்த கிழமைக்கு சங்கீதம் 51 வாசித்துக்கொண்டு வாருங்கள். தாவீது அங்கே முதலில் எதைக் கேட்கிறார், எதைக் கேட்கவே இல்லை என்று குறித்துக்கொண்டு வந்தால் அதில் இருந்தே தொடங்கலாம்.