ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளை: வாசகர் கேள்விகள்

ஜனவரியில் பிள்ளையை விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகள்தான் இம்முறை அதிகம். நம் குடும்பங்களில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. தென்னாப்பிரிக்காவின் நட்டால் மிட்லண்ட்ஸ் பக்கத்து விடுதிப் பள்ளிகள் பல நிறவெறிக் காலத்தில் நெடுநாள் வெள்ளையர் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தன. தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ அந்தப் பழக்கமே இல்லை. விடுதியில் படித்து முடித்தவர்களும், விடுதிப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் மேட்ரனாக வேலை பார்த்த ஒருவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

மகன் கிரேடு 8. பள்ளி அனுப்பிய பட்டியல் மூன்று பக்கம். எல்லாம் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
— வாசகி, சாட்ஸ்வொர்த்

யூனிஃபார்ம் பகுதியில் கை வைக்காதீர்கள். அதில் ஒன்று குறைந்தாலும் திட்டு வாங்குவது பையன்தான். மற்றதை வாங்கும் முன் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, துணி வாரத்தில் எத்தனை முறை சலவைக்குப் போகிறது, எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். இருமுறை என்றால் ஐந்து வெள்ளைச் சட்டை போதும். ஒருமுறைதான் என்றால் ஏழு வேண்டும். உள்ளாடையும் சாக்ஸும் பத்துப் பத்து. முதலில் காணாமல் போவது அவைதான்.

பெயர் எழுதுவதில்தான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். மார்க்கர் பேனா மை சுடுதண்ணீர்ச் சலவையிலும் டிரையர் சூட்டிலும் ஒரு டேர்முக்குள் (பள்ளிப் பருவத்துக்குள்) சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். நெய்த பெயர்ப் பட்டை வாங்கித் தையுங்கள். அதிலும் 'எஸ். பிள்ளை', 'கே. நாயுடு' என்று மட்டும் போடாதீர்கள். நாயுடு, பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்று ஒரே விடுதியில் ஒரே இனிஷியலில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். துணி பங்காளிகளுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுப் பெயரும் விடுதி தந்த எண்ணும் இருக்கட்டும். சட்டைக்குக் கழுத்தின் உள்பக்கம், கால்சட்டைக்கு இடுப்புப் பட்டையில், நான்கு பக்கமும் தையல். சாக்ஸுக்கு மட்டும் பட்டையின் ஒரு முனையைத் தைத்தால் போதும். நான்கு பக்கமும் தைத்தால் சாக்ஸ் இழுபடாது, இரண்டாவது நாளே தையல் தெறிக்கும்.

டர்பன் வீட்டில் இருக்கும் போர்வையை நம்பி அனுப்பாதீர்கள். ஜூன், ஜூலையில் மிட்லண்ட்ஸ் புல்வெளியில் காலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கனமான டுவே (பஞ்சு அடைத்த போர்வை) ஒன்று, உள்ளே போட வெப்ப பனியன் இரண்டு, கம்பளிச் சாக்ஸ் இரண்டு, காலுக்கு ஸ்லிப்பர். பாத்ரூம் தரை சிமெண்ட்.

தேங்காய் எண்ணெயைச் சிறிய வாய் உள்ள புட்டியில் கொடுத்து விடுவது இன்னொரு தவறு. 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மே மாதத்திலிருந்து புட்டியைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் ஒரு சொட்டு வராது. சூடு காட்ட அங்கே அடுப்பு ஏது? விரல் நுழையும் அகலமான டப்பாவில் போடுங்கள். தலையணை உறை நிறமுள்ளதாக, மூன்று.

பூட்டு இரண்டு, எண் பூட்டாக. சாவி தொலையும். எண்ணை நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேட்ரன் இரும்புக் கத்தரி கொண்டுவந்து பூட்டை வெட்டும் காட்சி முதல் மாதத்தில் எல்லா விடுதியிலும் உண்டு.

கைச்செலவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?
— வாசகர், ஸ்டேங்கர்

அதே கிரேடில் மற்றவர்கள் கொண்டுவரும் அளவு. விடுதிப் பொறுப்பாசிரியரான ஹவுஸ்மாஸ்டரைக் கேட்டால் சொல்வார். அதற்கு மேல் கொடுத்தால் பையன் வங்கி ஆகிவிடுவான். கொடுத்த கடன் திரும்பாது. பள்ளித் தின்பண்டக் கடையான டக் ஷாப்பில் கணக்கு வைத்துக் கழிக்கும் முறை இருந்தால் ரொக்கமே வேண்டாம்.

வீட்டில் புரட்டாசி முழுக்கச் சைவம். விடுதிச் சாப்பாட்டில் எப்படிச் சமாளிப்பது?
— வாசகி, டோங்காட்

செப்டம்பரில் போய்ச் சொன்னால் காலம் கடந்துவிடும். சேரும்போதே, ஜனவரியிலேயே, எழுதிக் கொடுங்கள். வெறுமனே 'வெஜிடேரியன்' என்று எழுதாதீர்கள். விடுதிச் சமையலறைக்கு அந்தச் சொல்லின் பொருள், இறைச்சித் துண்டு கண்ணில் படக்கூடாது என்பதுதான். காய்கறி சூப்பில் மாட்டிறைச்சி ஸ்டாக் பொடி இருக்கலாம். உருளைக்கிழங்கின் மேல் ஊற்றும் கிரேவியும் அதே பொடியில் கரைத்ததாக இருக்கலாம். ஜெல்லியிலும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின். மீனைச் சைவத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. முட்டைதான் பெரிய சிக்கல்: அவர்களுடைய சைவத் தட்டில் பாதி நாள் ஆம்லெட்தான். ஆகவே 'இறைச்சி, கோழி, மீன், முட்டை, ஜெலட்டின், இறைச்சி ஸ்டாக் வேண்டாம்; பால், தயிர், சீஸ் சரி' என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்பதையும் போடுங்கள். ஏறக்குறைய செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை. அரசுப் பள்ளிகளுக்கு இடையில் விடுமுறை வந்துவிடுவதால் விடுதியில் கழிக்க வேண்டியது இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். அதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் சமையலறைக்கும் பயம் குறையும்.

அந்த வாரங்களுக்கு டக் பெட்டியில் (வீட்டிலிருந்து கொடுத்தனுப்பும் தின்பண்டப் பெட்டி) வேர்க்கடலை வெண்ணெய், முட்டையில்லாத ரஸ்க், வறுத்த கடலை, முறுக்கு, டின்னில் அடைத்த பீன்ஸ் வையுங்கள். திறப்பான் தேவையில்லாத இழுவை மூடி டின்னாகப் பாருங்கள். மாங்காய் அச்சாரைக் கண்ணாடிப் புட்டியில் அனுப்பாதீர்கள். திருகு மூடி பிளாஸ்டிக் டப்பா, அதைச் சுற்றி இரண்டு பை. அச்சார் எண்ணெய் ஒழுகிய பிளேசர் டிரை கிளீனிங்குக்குப் போனாலும் அந்த வாசனையோடுதான் திரும்பி வரும்.

இன்னொன்று: இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு ஒன்பதரைக்குப் படுக்கும்போது வயிறு கூப்பிடும். முதல் வாரத்து அழுகையில் கொஞ்சம் வெறும் பசிதான். பிரெப் (இரவுப் படிப்பு நேரம்) முடிந்ததும் சாப்பிட ஏதாவது கைக்கெட்ட இருக்கட்டும்.

மகள் தினமும் இரவு போன் செய்து அழுகிறாள். 'வந்து கூட்டிப் போ' என்கிறாள். என்ன சொல்வது?
— வாசகர், லெனேசியா

முதலில் போன் வரும் நேரத்தை மாற்றுங்கள். விளக்கணைக்கும் முன் பேசினால் அழுதபடியே படுக்கைக்குப் போவாள். கூட யாரும் பேச முடியாத நேரம் அது. இரவுச் சாப்பாடு முடிந்து பிரெப் தொடங்கும் முன் கிடைக்கும் இடைவெளிதான் நல்லது. பத்து நிமிடம் பேசுங்கள். மணி அடித்ததும் அவள் படிக்கப் போக வேண்டும், கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கும். முதல் வாரம் தினமும், அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு என்று நாளைச் சொல்லிவைத்துக் குறையுங்கள். சொல்லாமல் குறைத்தால் கைவிட்டதாக எடுத்துக்கொள்வாள்.

'கஷ்டமாக இருக்கிறதா?' என்று கேட்காதீர்கள். அதற்கு வேறு பதிலே கிடையாது. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் யார், ஹாக்கிக்கு எந்த நாள், சலவையில் எது வரவில்லை என்று கேளுங்கள். வீட்டு நாயைப் பற்றி அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பாட்டி அழுகிறாள் என்று தப்பித் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

'வெள்ளிக்கிழமைவரை பார், பிடிக்காவிட்டால் கூட்டி வந்துவிடுகிறேன்' என்பதைப் போல் கெடுதல் செய்யும் வார்த்தை வேறில்லை. வெள்ளிக்கிழமை போகப்போகும் பெண் எதற்குத் தோழி பிடிப்பாள்? பெட்டியைக்கூடப் பிரிக்க மாட்டாள். முடிவெடுக்க வேண்டுமென்றால் டேர்ம் கடைசியில் என்று சொல்லி, அந்தச் சொல்லைக் காப்பாற்றுங்கள்.

எக்ஸியட் (வீட்டுக்கு விடும் வார இறுதி) முடிந்து திரும்பும் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாவற்றிலும் கடினம். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கார் ஓட்டிப் போகிறவர்கள் முடிந்தவரை வீட்டில் வைத்திருந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். மற்றவர்கள் சாப்பிட்டுப் படுக்கைக்குப் போன பிறகு இவள் மட்டும் இருட்டில் பெட்டி திறப்பாள். ஐந்து மணிக்கு விடுங்கள். துணியை அடுக்கிவிட்டுத் தோழிகளோடு சாப்பாட்டுக்கு இறங்கட்டும். நீங்களும் படுக்கை விரித்துக் கொடுத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்க வேண்டாம். வாசலிலேயே முத்தம், கார் கிளம்பட்டும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்தில் இது அடங்கும். அடங்காவிட்டால் கீழே வெருலம் வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

தைப்பூசக் காவடி, கங்கணம், மூக்குத்தி: இதையெல்லாம் பள்ளி தடுக்க முடியுமா?
— வாசகி, பீனிக்ஸ்

மூக்குத்தி விஷயத்தில் நமக்கென்றே ஒரு தீர்ப்பு இருக்கிறது. 2007 அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம், மாணவியின் குடும்பப் பெயரால் 'பிள்ளை வழக்கு' எனப்படும் வழக்கில், டர்பன் மாணவி ஒருத்தி மூக்குத்தி அணியப் பள்ளி விதிவிலக்குத் தராதது பாகுபாடு என்று சொன்னது. மதம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், ஒருவர் மனமுவந்து கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பதுதான் அதில் முக்கியம். ஆனால் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்காமலே போட்டு அனுப்பாதீர்கள். என்ன அணிகிறாள், எதற்காக, எத்தனை நாள் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி முன்கூட்டியே விதிவிலக்குக் கேளுங்கள். ரக்பி, ஹாக்கி மைதானத்தில் கழற்றுவது அல்லது டேப் ஒட்டுவது என்று நீங்களே எழுதிவிட்டால் பாதி எதிர்ப்பு போய்விடும்.

காவடியில் சிக்கல் சட்டத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது. தைப்பூசம் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரித் தொடக்கத்திலோ வருகிறது; பள்ளி ஜனவரி நடுவில் திறக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர்களை முதல் சில வார இறுதிகளில் வெளியே விடாத விடுதிகள் பல. டர்பன் பக்கத்துக் கிளேர்வுட் கோயிலிலோ மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலிலோ காவடி எடுப்பதாக நேர்ந்திருந்தால், சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்தே அந்த ஒரு நாளுக்கு அனுமதி வாங்குங்கள். பத்து நாள் விரதத்துக்கான சாப்பாட்டையும் அப்போதே பேசிவிடுங்கள்.

விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவும் நடக்காது. படுக்கையறையில் நெருப்புக்கு எந்த விடுதியும் இடம் தராது. லாக்கர் கதவின் உள்பக்கம் ஒரு சிறு படம், திருநீற்றுப் பொட்டலம். அது போதும்.

பெரிய பையன்கள் புதியவர்களை 'பழக்கப்படுத்துகிறார்கள்' என்கிறான் மகன். எல்லா விடுதியிலும் இப்படித்தானா?
— வாசகர், வெருலம்

வழக்கம் பழையதுதான். ஆனாலும் அது சட்டவிரோதம். தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 1996, பிரிவு 10ஏ பள்ளியில் மட்டுமல்ல, விடுதியிலும் புதியவர்களை இப்படி இழிவுபடுத்தும் சடங்குகளைத் தடுக்கிறது. அடித்துத் தண்டிப்பதைத் தடுப்பது பிரிவு 10. சீனியருக்குத் தேநீர் கொண்டுபோகச் சொல்வதும், பள்ளிப் பாட்டு மனப்பாடம் செய்யச் சொல்வதும் ஒரு ரகம். தூக்கத்திலிருந்து எழுப்புவது, உடுப்பைக் கழற்றச் சொல்வது, கண்டதை விழுங்கச் சொல்வது, அடிப்பது வேறு ரகம். அதற்கு 'மரபு' என்று யார் பெயர் வைத்தாலும் ஏற்காதீர்கள்.

வீட்டு ஏக்கம் உள்ள பிள்ளை ஞாயிறு மாலை அழும், புதன்கிழமை ஃபுட்பால் பற்றிப் பேசும். துன்புறுத்தப்படும் பிள்ளை அழாமலும் இருக்கலாம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு திடீரென்று திரும்பிப் போக மறுப்பது, பொருளும் பணமும் ஓயாமல் தொலைவது, படுக்கை நனைவது, குளியலறைக்குப் போகப் பயப்படுவது, எடை குறைவது என்றுதான் தெரியவரும்.

விடுதிக்கு நேரே போய்க் கத்த வேண்டாம். நீங்கள் காரில் ஏறியதும் பையன் அங்கேதான் இருப்பான். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த அறை என்று ஹவுஸ்மாஸ்டருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் முதல்வருக்கு, பிறகு நிர்வாகக் குழுவுக்கு. பையனின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றச் சொல்லி அன்றே கேளுங்கள், விசாரணை முடியக் காத்திருக்காதீர்கள். காயமோ பாலியல் தொல்லையோ என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம்: மருத்துவர், போலீஸ். பிள்ளையே கூப்பிடக் கூடியது சைல்ட்லைன் 116, கட்டணமில்லை. அதை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புங்கள்.

கிரேடு 8 முதல் மேட்ரிக் (கிரேடு 12) வரை விடுதியில் இருந்தேன். இன்றும் ஐந்து நிமிடத்தில் சாப்பிட்டு எழுகிறேன். வீட்டில் விருந்தாளி போலத்தான் இருக்கிறேன். பாட்டி பேசும் தமிழ் புரிகிறது, பதில் வரவில்லை. என் மகளையும் அனுப்பலாமா?
— முன்னாள் மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வேகமாகச் சாப்பிடுவது இரண்டாவது தட்டுக்கான ஓட்டத்திலிருந்து வந்தது. விடுதியில் படித்த யாரிடமும் பார்க்கலாம். மற்ற இரண்டும் பிள்ளை இல்லாத நாளில் வீடு என்ன செய்தது என்பதைப் பொறுத்தவை. அனுப்பலாம். ஆனால் அவள் அறையைத் தையல் அறையாக மாற்றாதீர்கள். பெட்டியும் இஸ்திரிப் பலகையும் அங்கே குவிந்தால் விடுமுறைக்கு வருகிறவள் விருந்தாளிதான். அவள் வழக்கமாகச் செய்யும் ஒரு வீட்டு வேலை அவளுக்கென்றே இருக்கட்டும். வந்த முதல் இரண்டு நாள் தூங்குவாள், சிடுசிடுப்பாள். அந்த நாளில் உறவினர்களை அழைக்காதீர்கள்.

தமிழுக்கு வாரம் ஒருமுறை பாட்டியின் வாட்ஸ்ஆப் குரல் செய்தி, இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அவளும் தமிழில்தான் பதில் அனுப்ப வேண்டும், தப்பும் தவறுமாக இருந்தாலும். பாட்டியிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: திருத்தக் கூடாது, சிரிக்கவும் கூடாது. சிரித்தால் அடுத்த வாரம் ஆங்கிலத்தில்தான் வரும்.