தகப்பன் கிடாவுக்குப் பின் மகன் கிடாவை விடலாமா?

கேள்வி: டி.கல்லுப்பட்டி பக்கம் பாலுக்காக 20 தலைச்சேரிப் பெட்டை ஆடுகள் வளர்க்கிறேன். நான்கு வருடமாக ஒரே கிடாதான். இப்போது குட்டிகள் நோஞ்சானாகப் பிறக்கின்றன. சில ஆடுகளுக்கு இரண்டு மூன்று முறை சேர்த்தும் சினை பிடிக்கவில்லை. அந்தக் கிடாவின் மகன் நன்றாக வளர்ந்திருக்கிறான். அவனைப் பொலிகிடாவாக விடலாமா?

பதில்: வேண்டாம். மகன் எவ்வளவு வாட்டசாட்டமாக இருந்தாலும், உங்கள் கொட்டிலில் உள்ள இளம் பெட்டைகள் எல்லாம் அவனுக்கு அக்கா தங்கச்சிகள்தான்.

20 ஆடு இருக்கிறதே, ரத்தம் எப்படி நெருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் பாதி ரத்தம் அந்த ஒரே கிடாவிடமிருந்து போகிறது. மரபியல் கணக்கில் 20 பெட்டையும் ஒரு கிடாவும் நான்கு ஆடுகள் உள்ள மந்தைக்குத்தான் சமம். பெட்டைகளை 40 ஆக்கினாலும் அந்த நான்கைத் தாண்டாது. உறவில்லாத இரண்டு கிடா வைத்தால் ஏழுக்கு மேல் போய்விடும். தகப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டியின் உறவு நெருக்கம் 25 சதவீதம். தகப்பன் ஒன்று, தாய் வேறான அண்ணன் தங்கச்சி சேர்ந்தால் 12.5 சதவீதம். உங்களிடம் மகள், பேத்தி வரை அதே கிடா சேர்ந்திருக்கும் என்பதால் இதற்கு மேலேயே இருக்கும்.

இதற்காகப் பெட்டைகளை விற்றுவிடாதீர்கள். உறவே இல்லாத கிடா ஒன்று வந்துவிட்டால், அடுத்த ஈத்துக் குட்டிகளுக்கு அந்த நெருக்கம் அறவே இருக்காது, தாய் எவ்வளவு நெருங்கிய உறவில் பிறந்திருந்தாலும் சரி. முதலில் வாங்கிய தாய் ஆடுகள் இருந்தால் அவற்றைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிடாவின் ரத்தம் கலக்காதவை அவை மட்டும்தான்.

புதுக் கிடாவும் தலைச்சேரியாகவே இருக்கட்டும். வேறு ஊர்ப் பண்ணையில், ரெட்டைக் குட்டி ஈன்ற, மடி நன்றாக உள்ள தாயின் மகனாகப் பாருங்கள். திருமங்கலம் சந்தையில் வாங்கினால் தாயைப் பார்க்க முடியாது. கிடாவின் வாயைத் திறந்து பாருங்கள்: கீழ்வரிசைப் பல் மேல் ஈறில் நேராகப் படிய வேண்டும், முன்னே துருத்தவோ உள்ளே போகவோ கூடாது. விதை இரண்டும் இறங்கி, ஒரே அளவில், கெட்டியாக இருக்க வேண்டும். ஒற்றை விதைக் கிடாவை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உங்கள் பெட்டைகளில் கொம்பில்லாதவை இருந்தால் கிடா கொம்புள்ளதாக இருக்கட்டும். இரண்டுக்குமே கொம்பில்லை என்றால் ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல் குட்டி பிறக்க வாய்ப்புண்டு.

ஆனால் எல்லாப் பழியையும் ரத்த உறவின் தலையில் போட முடியாது. தாது உப்புக் குறைவு, குடற்புழு, கருச்சிதைவு நோயான புருசெல்லா ஆகியவற்றாலும் சினை தங்காமல் போகும். புருசெல்லா பால் வழியாக மனிதருக்கும் தொற்றும். எனவே கால்நடை மருத்துவரிடம் சொல்லி ஆடுகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவு வரும்வரை காய்ச்சாத பாலை யாருக்கும் கொடுக்க வேண்டாம். புதுக் கிடாவையும் பரிசோதித்து, ஒரு மாதம் தனியே கட்டி, குடற்புழு நீக்கி, ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் போட்ட பிறகு மந்தையில் விடுங்கள்.

அப்புறம், கிடாவை மாற்றும் காலம். சினை ஐந்து மாதம், பெட்டைக்குட்டி சேர்க்கைக்கு வர ஏறக்குறைய பத்து மாதம். ஆக ஒன்றேகால் வருடத்தில் கிடாவின் மகள்களே பருவத்துக்கு வந்துவிடுவார்கள்; அதற்குள் கிடா மாறிவிட வேண்டும். கிடாக்குட்டிகளை மூன்று மாதத்திலேயே பிரித்துவிடுங்கள். நம் பக்கம் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா கொட்டிலிலேயே பிறந்து, காயடிக்காமல், மந்தையோடு மேய்வதுண்டு. சத்தமில்லாமல் உறவுக்குள் சேர்க்கை நடப்பது பெரும்பாலும் அதனால்தான். அதைத் தனியே கட்டுங்கள்.

பழைய கிடா நோயில்லாமல் இருந்தால் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். அதன் உறவில்லாத மந்தைக்கு அது நல்ல கிடாதான். பேரையூர், உசிலம்பட்டிப் பக்கம் தலைச்சேரி வைத்திருக்கிற இரண்டு பேரோடு பேசி, உங்கள் கிடா ஒருவருக்கு, அவருடையது மூன்றாமவருக்கு, மூன்றாமவருடையது உங்களுக்கு என்று சுற்றிவிட்டால் புதுக் கிடா வாங்கும் செலவே மிச்சம். மாற்றுவதற்கு முன் மூன்று கிடாவுக்கும் ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.