கால் பென்னி மரியாதை

கேள்வி: சாக்லேட் விற்ற காசில் தொழிலாளிகளுக்குத் தோட்டத்தோடு வீடு கட்டிக்கொடுத்த காட்பரி குடும்பம் மாதிரி இன்று ஒரு முதலாளியைக் காட்ட முடியுமா? (வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: வீடும் நிஜம், தோட்டமும் நிஜம். தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டிய போர்ன்வில் கிராமத்தில் வெளியாருக்கும் வீடு கொடுத்தார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் படித்தது கம்பெனியே எழுதிக்கொண்ட குடும்பக் கதை போலிருக்கிறது.

ஜான் காட்பரி 1824-இல் பர்மிங்காமில் கடை போட்டார். குவேக்கர் என்கிற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் அந்தச் சபையாருக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம், வியாபாரம்தான் வழி. ஜனங்கள் சாராயத்தை விட்டுக் கோகோ குடிக்கட்டும் என்று நினைத்தவர். 1861-இல் பிள்ளைகள் ரிச்சர்டும் ஜார்ஜும் பொறுப்பேற்றபோது தொழில் படுத்துக் கிடந்தது. அம்மா விட்டுப்போன பணத்தைப் போட்டுத்தான் ஓட்டினார்கள். 1866-இல் ஹாலந்து இயந்திரம் ஒன்றை வாங்கி, கொழுப்பைப் பிழிந்தெடுத்து, ‘முழுச் சுத்தம்’ என்று விளம்பரம் செய்தார்கள். அதுவரை? தங்கள் சரக்கில் ஐந்தில் ஒரு பங்குதான் கோகோ, மீதி உருளைக்கிழங்கு மாவு, ஜவ்வரிசி வகையறா என்று பிற்பாடு ஜார்ஜே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டாரே, அதற்கு ஒரு மார்க் போடலாம்.

அடுத்ததற்கு என்ன போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கோகோவில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் போர்த்துக்கீசியர் ஆண்ட சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அங்கோலாவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்கள். காகிதத்தில் ஒப்பந்தக் கூலிகள், நடப்பில் அடிமைகள். 1901-இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் கைக்கு ஒரு தோட்டத்தின் விற்பனைப் பட்டியல் வந்தது. மாடுகளோடு ஆட்களுக்கும் விலை போட்டிருந்தது. கொள்முதலை நிறுத்தியது எப்போது? 1909-இல். நடுவே விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், வாங்கிக்கொண்டே இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும் என்றார்கள். அதே வருஷங்களில் ஜார்ஜின் பத்திரிகை, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனக் கூலிகள் படும் பாட்டுக்காகப் பொங்கிக்கொண்டிருந்தது!

1908-இல் ‘ஸ்டாண்டர்டு’ நாளிதழ் இந்த முரணைச் சுட்டி எழுதியது. காட்பரிகள் மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் பர்மிங்காமில், அவர்கள் சொந்த ஊரிலேயே, தீர்ப்பு வந்தது. ஜூரி அவர்கள் பக்கம்தான் சொன்னது. நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி.