சம்மன் வந்தாகிவிட்டது, இனி வட்டச் செயலாளருக்காகக் காத்திருக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். தாத்தா 1961-இல் தரை வாடகைக்கு மனை எடுத்து ஓட்டு வீடு கட்டினார், பிறகு அப்பா அதைப் பிரித்துத் தளம் போட்டார். இப்போது அங்கே அம்மா, தம்பி குடும்பம், இவர் எல்லாரும் இருக்கிறார்கள். முன்பக்கத்து அறையை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு விட்டிருக்கிறார்கள். மனைச் சொந்தக்காரரின் பேரன்கள் தெருவில் வரிசையாக ஒன்பது வீட்டு மனையையும் ஒரு பில்டருக்குக் கிரயம் செய்துவிட்டார்கள், இவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வருடமாக வாடகையும் வாங்கவில்லை, அனுப்பிய மணியார்டர் திரும்பி வந்துவிட்டது. ஒன்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டு முதல்வர் தனிப்பிரிவுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். வட்டச் செயலாளர், 'கவுன்சிலரை வைத்துப் பேசி முடித்துத் தருகிறேன், கோர்ட்டு கேஸ் என்று போகாதீர்கள்' என்கிறார். 'அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, இனி இது எங்கள் இடம்தானே?' என்று கேட்கிறார் வாசகி.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாலு பக்கத்தில் எனக்கு வேண்டிய வரி மூன்றாம் பக்கத்தின் அடியில் இருக்கிறது. 'போன மாதம் கோர்ட்டிலிருந்து ஆள் வந்து சம்மன் கொடுத்தார், அம்மா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்' என்று எழுதி, பத்தொன்பது நாள் ஆகிறது என்றும் சொல்லியிருக்கிறீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். கோர்ட்டில் நீங்கள் மனுப் போட இன்னும் பதினோரு நாள்கூட முழுதாக இல்லை.

காரணம் சொல்கிறேன். நீங்கள் வாடகைக்கு எடுத்தது வீடு அல்ல, மனை. வீடு உங்களுடையது. நீங்கள் படம் எடுத்து அனுப்பிய பழைய ரசீதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பில் கிழிந்து, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்து மங்கி இருந்தாலும் 'தரை வாடகை வகையில் ரூ. 7.50' என்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த 'தரை' என்ற ஒரு சொல்தான் உங்கள் வழக்கு. அது 'வீட்டு வாடகை' என்று இருந்திருந்தால் நான் உங்களுக்கு வேறு பதில் எழுதியிருப்பேன், அந்தப் பதில் இதைவிட மோசமாக இருந்திருக்கும். மனையை வாடகைக்கு எடுத்துச் சொந்தச் செலவில் கட்டடம் கட்டியவர்களுக்காக 1921-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம். கோர்ட்டில் எல்லாரும் சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட் என்பார்கள். அதன் 9-ஆவது பிரிவின்படி, காலி செய்யச் சொல்லி வழக்கு வந்தால், 'இந்த மனையை எனக்கே விற்கும்படி உத்தரவிடுங்கள், விலையைக் கோர்ட்டே நிர்ணயிக்கட்டும்' என்று நீங்கள் மனுப் போடலாம். சென்னையில் 1980-க்கு முன்னால் தொடங்கிய தரை வாடகைக்குத்தான் இது பொருந்தும், உங்களுடையது 1961. ஆனால் மனுவை சம்மன் கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட்டாக வேண்டும்.

உங்கள் மற்றக் குறைகளை வேகமாக முடித்துவிடுகிறேன். விற்கும்போது உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, பில்டர் பழைய சொந்தக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார், அவ்வளவுதான். வாடகை வாங்க மறுத்ததற்குத் திரும்பி வந்த மணியார்டர் துண்டுகள் சாட்சி, பத்திரமாக வையுங்கள். சொத்து வரி ரசீதும் ஈபி கார்டும் கட்டடம் உங்களுடையது என்பதைக் காட்டும், மனை உங்களுடையது என்று காட்டாது. 'அரசாங்கம் இப்போது பட்டா கொடுக்கிறதாமே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது புறம்போக்கில் இருப்பவர்களுக்கு, தனியார் மனைக்கு அது கிடையாது. தனிப்பிரிவு மனு கொடுத்ததில் தப்பில்லை, ஆனால் அதனால் கோர்ட்டின் கெடு ஒரு நாள்கூட நிற்காது.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் வழக்கு விஷயமாக வக்கீலான என்னிடம் வந்தார். உங்கள் கதைதான், தெரு மட்டும் வேறு. மஞ்சள் பை நிறையக் காகிதம். தாத்தா காலத்து ரசீது, கட்டட வரி, ரேஷன் கார்டு எல்லாம் வருஷவாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தார். அத்தனை ஒழுங்காகப் பேப்பர் வைத்திருப்பவர்கள் குறைவு. சம்மன் எப்போது வந்தது என்று கேட்டேன். நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. ஏன் இத்தனை நாள் என்றால், ஏரியாவில் ஒரு பிரமுகர் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகப் பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டிருந்தாராம். எதிர்த் தரப்பும் ஒழுங்காக வந்து உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறது. முப்பது நாள் தாண்டியதும் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பையை நான் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் கட்டடத்துக்கான நஷ்டஈடு மட்டும்தான் கிடைத்தது, பழைய கட்டடத்துக்கு அது என்ன பெரிய தொகையாக இருக்கும். உங்கள் வட்டச் செயலாளர் நல்லவராகவே இருக்கலாம், கவுன்சிலர் மனசாரவே உதவலாம். பேசட்டும். மனுவைப் போட்டுவிட்டுப் பேசட்டும்.

அடுத்த பள்ளம் வக்கீல்கள் பக்கமே இருக்கிறது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதிலுரை போட முப்பது நாள், தொண்ணூறு வரை கோர்ட்டில் நேரம் வாங்கலாம் என்பது எங்களுக்குப் பழகிப்போன கணக்கு. அந்தப் பழக்கத்தில் வக்காலத்து மட்டும் போட்டு வாய்தா வாங்கிவிட்டு, 9-ஆம் பிரிவு மனுவையும் பதிலுரையோடு சேர்த்துப் போடலாம் என்று வைத்துவிடுவார்கள். இரண்டும் வேறு வேறு கெடு. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாமே என்று யாராவது சொன்னால், அதை நம்பி ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். நீங்கள் யாரை வக்கீலாக வைத்தாலும், 'பிரிவு 9 மனு எந்தத் தேதியில் தாக்கலாகிறது?' என்று கேட்டு, தாக்கல் செய்த எண்ணைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால், பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, ஹைகோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, சம்மனை எடுத்துக்கொண்டு நேராகப் போங்கள்.

மூன்றாவது, நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி. 'அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்கள் இடம்தானே?' இதை மறந்தும் பதிலுரையில் எழுதவிடாதீர்கள். வாடகைக்கு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைக்காரர்தான். பில்டருக்கு உரிமையே இல்லை, மனை எங்களுக்கே பாத்தியம் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தில் 'வாடகைக்காரர் என்ற முறையில் எனக்கு விற்கச் சொல்லுங்கள்' என்று கேட்டால் இரண்டும் போய்விடும். 9-ஆம் பிரிவு வாடகைக்காரருக்குக் கொடுத்த சலுகை, நான் வாடகைக்காரனே இல்லை என்பவருக்கு அல்ல. கோபத்தில் எழுதிய ஒரு பத்தியால் வீடு போனதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, பில்டரின் ஆள் 'பதினொரு மாசத்துக்கு ஒரு அக்ரிமென்ட் போட்டுக்கலாம், அதுவரைக்கும் யாரும் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டாங்க' என்று சொல்லிக் காகிதம் நீட்டுகிறார், அம்மா 'போட்டுவிடலாமா?' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். கூடாது. கைநாட்டுகூட வைக்கக் கூடாது. 1961-இலிருந்து ஓடிவருகிற வாடகையை அந்தக் காகிதம் புது வாடகையாக மாற்றிவிடும், 1980-க்கு முன் என்ற உங்கள் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது. அதிலும் 'வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தால் நீங்களே கட்டின வீட்டுக்கு நீங்களே வாடகைக்காரர் ஆகிவிடுவீர்கள். அம்மாவிடம் இன்றே சொல்லிவையுங்கள், வீட்டில் தனியாக இருக்கும் நேரம் பார்த்து வருவார்கள்.

வழக்கு மனுவின் நகலையும் முழுதாகப் படியுங்கள். மனை ஒரு தர்மத்துக்கோ, பூஜைக்கென்று எழுதி வைத்த கட்டளைக்கோ, கோயிலுக்கோ சேர்ந்தது என்று எங்காவது வருகிறதா என்று பாருங்கள். மத நிறுவனங்களின் மனையை 1996-இல் இந்தச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், அந்தத் திருத்தம் செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டும் 2005-இல் சொல்லிவிட்டது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் தனியார் மனையாகத்தான் தெரிகிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் கோயில் மனையில், வக்பு மனையில் இருக்கிற மற்ற வாசகர்கள் மேலே சொன்னதைத் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, மனு போட்டாகிவிட்டது, ஜெயித்தும் விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் முதலில் இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பி, நீங்கள் வசதியாக இருந்துகொள்ளக் குறைந்தபட்சம் எவ்வளவு மனை தேவை என்று பார்க்கும். ஜெராக்ஸ் கடைக்கு விட்ட முன்பக்கம் அந்தக் கணக்கில் வருமா என்பதில் எனக்குப் பலத்த சந்தேகம், எதிர்த் தரப்பு முதலில் கை வைக்கிற இடம் அதுதான். அப்புறம் விலை. உத்தரவு போடுகிற தேதிக்கு முந்தைய மூன்று வருடத்துச் சந்தை விலையின் சராசரி. 1961 விலை அல்ல, வழக்குப் போட்ட நாள் விலையும் அல்ல. 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது, 2021-இல் அது விம்கோ நகர் வரை போனது. அதன் பிறகு உங்கள் தெருவில் மனை விலை எப்படி ஏறியது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும், பில்டர் வந்ததே அதற்காகத்தான். வழக்கு என்றால் இழுக்க இழுக்க வாடகைக்காரருக்கு லாபம் என்று ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. இங்கே தலைகீழ். பத்து வருடம் இழுத்தால் பத்து வருடம் கழித்து என்ன விலையோ அதைத்தான் நீங்கள் கட்ட வேண்டும்.

கணக்குக்காக மட்டும் ஒரு தொகை வைத்துப் பார்ப்போம். 600 சதுர அடி, அடி 8,000 ரூபாய் என்றால் 48 லட்சம். கோர்ட் தவணை கொடுக்கும், ஆனால் அதிகபட்சம் மூன்று வருடம்தான். மாதத்துக்கு 1,33,000 ரூபாய்க்கு மேல். தம்பி துறைமுகத்தில் கான்டிராக்ட் வேலை, நீங்கள் தையல் என்று எழுதியிருக்கிறீர்கள். மனை உங்கள் பேரில் வருவதற்கு முன் அதன் பேரில் எந்த பேங்க்கும் கடன் தராது. ஒரு தவணை தவறினாலே மனு தள்ளுபடி ஆகிவிடும், காரணம் காட்டினால் கோர்ட் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் மூன்று வருடத்தைத் தாண்டி நீட்டாது. உத்தரவு வாங்கிவிட்டு, தண்டலிலும் மீட்டர் வட்டியிலும் வாங்கி முதல் இரண்டு தவணை கட்டி, மூன்றாவதில் விழுந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு வீடும் போனது, கடனும் மிஞ்சியது. ஜெயித்த பிறகு தோற்ற அந்த முகங்களைப் பார்ப்பது எனக்கு இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் நேராகவே சொல்கிறேன், நீங்கள் ராஜிக்குத்தான் போக வேண்டும். எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இன்றைக்குப் போனால் பில்டர் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். மனு நம்பர் ஆகி, விசாரணைக்கு வந்து நிற்கிறபோது போனால், ஒன்பது மனையில் நடுவில் ஒன்று வழக்கில் மாட்டிக்கொண்டு கட்டடமே எழுப்ப முடியாமல் பணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவர் அவர். உங்கள் வீடு வரிசையில் நாலாவது என்று எழுதியிருந்தீர்களே, கடிதத்தில் அதுவும் எனக்கு முக்கியமான வரி. மற்ற எட்டு வீட்டுக்காரர்களிடமும் சம்மன் தேதியைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் கெடு தனி. 'வாங்க மாட்டேன்' என்று மறுத்தவர், கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள் என்பவர், இவர்களுக்கும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சேர்ந்து நின்றால் பேசும் தொகையே வேறு, ஆனால் யாராவது ஒருவர் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார், அதற்காக அவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ராஜி என்றால் கட்சி ஆபீசில் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதுவது அல்ல. கோர்ட்டில் ராஜி மனுவாகத் தாக்கல் செய்து அதன்படி டிகிரி, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணை, வாங்க வேண்டும். பணம் என்றால் டிடி கைக்கு வந்த பிறகு சாவி. புதுக் கட்டடத்தில் ஃப்ளாட் தருகிறேன் என்றால், எத்தனை சதுர அடி, எந்த மாடி, மனையில் பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு, கட்டி முடிக்கும்வரை வெளியில் இருக்க மாத வாடகை யார் கொடுப்பது, தாமதமானால் என்ன, எல்லாம் அதில் வர வேண்டும், பத்திரமும் பதிவாக வேண்டும். சின்ன மனையில் எட்டு வீட்டுக்குள் கட்டினால் ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவுகூடத் தேவையில்லாமல் போகும், அப்போது உங்களுக்குப் பிடிமானம் அந்த டிகிரி ஒன்றுதான். என்னைக் கேட்டால், அம்மாவின் வயதுக்கு, அதே தெருவில் ஒரு சின்ன ஃப்ளாட் பெரிய தொகையைவிட மேல். அந்தத் தொகையை எடுத்துக்கொண்டு போனால் இந்தப் பக்கம் வீடு கிடைக்காது, மீஞ்சூர் பக்கமோ செங்குன்றம் பக்கமோதான் போக வேண்டியிருக்கும், அங்கிருந்து தம்பி துறைமுகத்துக்கு தினமும் வந்து போக வேண்டும், நீங்களும் தையல் வாடிக்கையை முதலிலிருந்து தேட வேண்டும்.

நாளைக் காலை சம்மன், வழக்கு நகல், அந்த 7.50 ரசீது, அப்பா பேரில் உள்ள கட்டட வரி ரசீதுகள், தாத்தா அப்பா இருவரின் வாரிசுச் சான்றிதழ், மணியார்டர் துண்டுகள் இவற்றை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். எர்ணாவூரில் இருக்கிற சித்தப்பாவிடமும் இன்றே பேசிவிடுங்கள், அவரும் வாரிசு. மனு போட்ட பிறகு அவர் 'எனக்கும் பங்கு' என்று தனி வக்கீலோடு வந்து நின்றால், பில்டர் அவரிடம்தான் முதலில் பேசுவார்.