டானிக்கை நிறுத்துங்கள், உண்ணிச்செடியைப் பாருங்கள்

கேள்வி: பர்கூர் மலையில் முப்பது மாடு வைத்திருக்கிறேன். பங்குனியிலிருந்து இரண்டு பசுவுக்குக் கண் மஞ்சளாக இருக்கிறது, சாணி இறுகிவிட்டது. வெள்ளைத் திட்டு உள்ள இடத்தில் மட்டும் தோல் உரிகிறது. கடையில் ஈரல் டானிக் ஆறு பாட்டில் வாங்கி ஊற்றிவிட்டேன். வேறு நல்ல டானிக் உண்டா?

பதில்: இல்லை. ஏழாவது பாட்டில் கடைக்காரருக்குத்தான் நல்லது. மாட்டைப் பார்க்காமலே மருந்து கொடுப்பவரை நம்பாதீர்கள்.

வெள்ளைத் திட்டில் மட்டும் என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. காட்டில் புதராக மண்டும் உண்ணிச்செடி (லன்டானா) இலையின் நஞ்சு ஈரலைக் கெடுத்துப் பித்தத்தை அடைத்துவிடும். பச்சைத் தீவனத்திலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒரு பொருள் பித்தத்தோடு வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தங்கி, வெயில் பட்டதும் நிறமில்லாத தோலைச் சுடும். பக்கத்திலேயே இருக்கிற செம்மயிர்த் தோலுக்கு ஒன்றும் ஆகாது. தின்ற இலை வயிற்றில் அசையாமல் கிடந்து நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். நஞ்சை உறிஞ்சும் மருந்துக்கரியான ஆக்டிவேட்டட் சார்கோல், கிலோ எடைக்கு 5 கிராம், அதாவது 250 கிலோ மாட்டுக்கு ஒன்றேகால் கிலோ, தண்ணீரில் கரைத்து அவர் குழாய் வழியாக ஊற்றட்டும். அடுப்புக்கரி உதவாது.

சரி, நீங்கள் கேட்காததற்கு வருகிறேன். மலையிலேயே பிறந்து வளர்ந்த மாடு உண்ணிச்செடியை ஏன் தின்றது? பசிதான், வேறென்ன. புதர் மூடிய இடத்தில் புல் முளைப்பதில்லை. அதை அரிவாளால் வெட்டுகிறோம், தீ வைக்கிறோம், இரண்டுக்கும் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கிறது. களைக்கொல்லி விற்கிறவரும் வருவார், மேய்ச்சல் காட்டில் அதைத் தெளிப்பது மடத்தனம். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபு காட்டிய முறையை எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், சலித்தாலும் கேளுங்கள்: மண்ணுக்குக் கீழே இரண்டு மூன்று விரல்கடை ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, புதரை அப்படியே தூக்கித் தலைகீழாகப் போடுங்கள். தண்டு மண்ணில் படாவிட்டால் வேர் பிடிக்காது. காய் பழுப்பதற்கு முன்பே செய்துவிடுங்கள், பழுத்தால் பறவைகள் விதையைப் பரப்பிவிடும். அப்புறம் இரண்டு மூன்று வருஷம் மழைக்குப் பிறகு போய், முளைத்த கன்றுகளைக் கையாலேயே பிடுங்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டுத்தான் எல்லோரும் தோற்கிறார்கள்.

ஆனால் தனியாளாகக் கடப்பாரையோடு இறங்காதீர்கள், வழக்கு வரும். 2024 முதல் அந்தக் காடு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம். 2006 வன உரிமைச் சட்டத்தில் மேய்ச்சல் உரிமையும் இருக்கிறது, சமூகக் காட்டு வளத்தைக் காத்துப் புதுப்பிக்கும் உரிமையும் இருக்கிறது. பெரும்பாலும் முதலாவதை மட்டும் கேட்கிறோம். கிராம சபையில் இரண்டையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.

அந்த இரண்டு பசுவும் தோல் ஆறும்வரை இருட்டுக் கொட்டகையிலேயே நிற்கட்டும். பச்சை வேண்டாம், சோளத்தட்டு போடுங்கள்.