மைனஸ் 10 என்று போட்டிருந்ததே!

கேள்வி: மே மூன்றாவது வாரம் உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்கு அழைத்துப்போவதாக ஒருவர் சொன்னார். நான்கு பேருக்கு முன்பணத்தை யுபிஐயில் அனுப்பினேன். இப்போது போனையே எடுப்பதில்லை. (வாசகி, திருச்சி)

பதில்: அந்தப் பள்ளத்தாக்கு ஜூன் 1-ஆம் தேதிதான் திறக்கும், அக்டோபர் 31-இல் மூடிவிடுவார்கள். பூ பார்க்க வேண்டுமானால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. இது உங்களுக்குத் தெரியாததில் தப்பே இல்லை அம்மா. காசு வாங்கியவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும்தான் வாங்கியிருப்பார். தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். வங்கிக்குப் பரிவர்த்தனை எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள். அவர் முகவரியோடு நிறுவனம் நடத்துகிறவராக இருந்தால் திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். டேராடூனுக்கு அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கேள்வி: லடாக்கின் லே போய் இறங்கிய மறுநாள் காலையே கர்துங் லாவுக்கு டாக்சி பேசியிருக்கிறேன். வாடகை அதிகமோ?

பதில்: வாடகையை விடுங்கள். லேவே 3,500 மீட்டர். கணவாய் 5,300-க்கும் மேல். அந்த உயரத்துக்கு உடம்பு பழக வேண்டும். முதல் இரண்டு நாள் அறையில் படுத்துக் கிடங்கள்.

கேள்வி: டிசம்பரில் உத்தராகண்டின் கேதார்காந்தா மலைக்குப் போக 'மைனஸ் 10' போட்ட ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். ராத்திரி முழுக்க நடுங்கினேன். கடைக்காரர் பை சரிதான் என்கிறார்.

பதில்: இது என் பழைய புண். ஸ்லீப்பிங் பேக்குக்கான ஐஎஸ்ஓ 23537 தரமுறைப்படி சோதித்த பை என்றால் அதில் முக்கியமாக மூன்று எண்கள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் ஒருவர் நிம்மதியாகத் தூங்கும் வெப்பநிலை. லிமிட் என்பது சராசரி ஆண் சுருண்டு படுத்துச் சமாளிப்பது. எக்ஸ்ட்ரீமில் தூக்கமே கிடையாது. விறைத்துச் சாகாமல் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம், அவ்வளவுதான். இதில் எதைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் 15 டிகிரிக்கு மேல்கூட வித்தியாசம் இருக்கும். சோதனையே செய்யாமல் தோன்றிய எண்ணை அச்சடிக்கிறவர்களும் உண்டு. அப்படி ஒரு பை என் பரணில் தூங்குகிறது, நான்தான் அதில் தூங்கியதில்லை. அப்புறம், அடியில் நுரைப் பாய் விரித்தீர்களா? உடம்பு அமுக்கும் பக்கத்தில் பஞ்சு சூடு தராது. விரித்தும் குளிர்ந்தது என்றால் பில், பையில் அச்சிட்டதன் படம் இரண்டையும் வைத்து, 'இது எந்த எண்?' என்று கடைக்கு எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். இன்னொன்று: கேதார்காந்தா போகும் பெரும்பாலான குழுக்கள் பையை அவர்களே தருவார்கள். கேட்டுவிட்டு வாங்கியிருக்கலாம்.

கேள்வி: நண்பன் கல்யாணத்தால் ட்ரெக்குக்குப் போகவில்லை. 'பணம் திரும்பாது' என்ற நிபந்தனையைப் படிக்காமல் டிக் செய்துவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: கல்யாணத் தேதி திடீரென்றா வந்தது? வேறு தேதிக்கு மாற்றித் தருவார்களா என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மார்ச்சில் தேனி மலையில் இரண்டு நாள். 'பர்மிஷன் நாங்க பார்த்துக்கறோம்' என்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: 2018 மார்ச்சில் அதே தேனி மாவட்டத்துக் குரங்கணியில் காட்டுத்தீயில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். காய்ந்த புல் எரிகிற மாதம் அது. வனத்துறை அனுமதியின் நகலைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வாய்வார்த்தை என்றால் வேண்டாம்.

கேள்வி: ஐந்து வருடம் முன்பு வாங்கி ஒரே ஒரு தடவை போட்ட பூட்ஸ். புதுசு மாதிரியே இருக்கிறது. இதையே போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்: என்னுடையதும் புதுசு மாதிரியேதான் இருந்தது. டப்பாவில், சிலிக்கா பொட்டலத்தோடு, நாலு வருடம். மலையில் இரண்டாம் நாள் அடிப்பாகம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. நடுவில் இருக்கும் பாலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்திலேயே மெல்லச் சிதையுமாம். போடாமல் வைத்தாலும் போகும். வீட்டிலேயே ஒரு வாரம் போட்டு நடந்து, ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். நான் கூடாரக் கயிற்றால் கட்டிக்கொண்டு ஏழு மணி நேரம் இறங்கினேன்.