ஒரே அச்சில் வீடுகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஊருக்கு வெளியே, எல்லா வீடுகளையும் ஒரே வரைபடத்தில் கட்டி விற்கும் மனைப்பிரிவில் வீடு வாங்க நினைக்கிறோம். "அடையாளமே இல்லாத வீடு" என்று என் மாமனார் தயங்குகிறார். வாங்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: ஒரே மாதிரி இருப்பது மட்டுமே குறையாகாது. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் நகரத்தார் கட்டிய வீடுகளும் பெரும்பாலும் முகப்பு, வளவு (நடுவில் திறந்த முற்றமுள்ள பகுதி), இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே ஒழுங்கில் பின்தெரு வரை நீள்பவைதாம். அந்த ஒழுங்கு நம் வெயிலையும் மழையையும் அறிந்து உருவானது. நாற்புறமும் சரியும் ஓடுகளிலிருந்து மழைநீர் வளவு வாசலில் இறங்கும், தெருவுக்கு வரும் நீர் ஊருணியைச் சேரும்படி வாட்டம் பார்த்து வடிகால்கள் அமைத்திருந்தார்கள்.

இன்றைய தொகுப்பு வீடுகளுக்கு முன்னோடியாகச் சொல்லப்படுவது, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வீடு கிடைக்காத காலம் அது. ஒரு குழு கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்கு நகர, பின்னாலேயே மற்றொரு குழு வந்து சுவருக்கான மரச்சட்டங்களை நிறுத்த, உச்சகட்டத்தில் நாளொன்றுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. கறுப்பினத்தவர் குடியிருக்கக் கூடாதென்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது பெரும் அநீதி. வீட்டமைப்பில் மட்டும் நமக்கு ஒரு பாடம் உண்டு. தொடக்கத்தில் கட்டிய வீடுகளில் கூரைக்கடியிலிருந்த மேல்தளத்தை முடிக்காமல் விட்டிருந்ததால், குடும்பம் பெருகியபோது அங்கே அறைகள் எடுத்தார்கள், பக்கவாட்டிலும் விரித்துக் கட்டினார்கள். பழைய தோற்றம் மாறாத வீட்டை இன்று அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. பின்னாளில் மாடி எடுக்க அஸ்திவாரம் தாங்குமா, அதற்கு ஒப்பந்தம் இடம் தருகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் உங்கள் மாமனாரையும் அழைத்துப்போய், கண்மாய்க்குச் செல்லும் வரத்துக்காலை மண்ணடித்து மேடாக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். தூர்த்திருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்த வீடு வேண்டாம்.

கேள்வி: இத்தகைய வீட்டில் குடியேறிய பின் சுவர் விரிசல் கண்டால் யார் பொறுப்பு?
– வாசகர், தேவகோட்டை

பதில்: 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை இருப்பதைத் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும், தவறினால் இழப்பீடு கோரலாம். வாய்மொழியாகச் சொல்லிக் காத்திருக்காமல், விரிசலின் புகைப்படத்துடன் பதிவுத் தபாலில் எழுதி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.